ரூபாயும் வெள்ளியும்: ஜலசந்திக் குடியேற்றங்களின் சரித்திரமும் ஜனத்தொகையும் பொருளாதாரமும்



இம்மண்டபத்துக்கு வரும் வழியில் பஃபலோ சாலை முனையில் ஒரு பூக்கடை முன் சற்று நின்றேன். "முழம் மூணு வெள்ளி, வாங்கிக்குங்க ஐயா" என்றார் கடைக்கார அம்மாள். சென்னையிலிருந்து இரண்டு நாளைக்கு முன் வந்து என்னோடு தங்கியிருக்கும் நண்பர், பூவுக்கு வெள்ளியா என்று திகைத்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வெள்ளி என்றால் கொலுசும் குத்துவிளக்கும். நமக்கோ அது டாலர். தமிழ்நாட்டிலிருந்து வந்து தமிழே பேசி வாழும் ஒரு ஜனசமூகம், தான் பிறந்த ஊரின் நாணயப் பெயரைக் கைவிட்டு வேறொரு பெயரை நாவில் ஏற்றிக்கொண்டது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடினால், அது ஒரு பழைய வழக்கில், அதாவது சிங்கப்பூர் வர்த்தகர்களுக்கும் கல்கத்தா சர்க்காருக்கும் பல ஆண்டு நடந்த ஒரு மனஸ்தாபத்தில், போய் முடிகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அந்த மனஸ்தாபமே.

ஜலசந்திக் குடியேற்றங்கள் என்று முன்னோர் எழுதியதும், நீரிணைக் குடியேற்றங்கள் என்று இக்காலப் பாடநூல்கள் எழுதுவதுமான அந்தப் பிரதேசம், ஒரு நாடு என்று சொல்லத் தக்கதன்று. மலாக்கா நீரிணையின் ஓரமாக, ஒன்றுக்கொன்று பல நாள் கப்பற்பிரயாண தூரத்தில் சிதறிக் கிடந்த மூன்று துறைமுகங்களையும் அவற்றை அடுத்த சில நிலத்துண்டுகளையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் சேர்த்து எழுதியதால் உண்டான ஒரு மாகாணம் அது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கைக்கொண்ட பினாங்குத் தீவு, 1805ஆம் ஆண்டில் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நான்காவது ராஜதானி என்ற பெரும்பதவியை அடைந்தது. 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசேனோடும் தெமெங்கோங் என்ற மலாய்ப் பிரதானியோடும் ராஃபிள்ஸ் செய்த உடன்படிக்கையால் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கொடி ஏறிற்று. 1824ஆம் ஆண்டில் டச்சுக்காரரோடு செய்த ஒப்பந்தத்தால் சுமத்ராவின் பெங்கூலனைக் கொடுத்து மலாக்காவை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டனர். இம்மூன்றையும் சேர்த்து 1826ஆம் ஆண்டில் ஒரே நிர்வாகமாக்கினர். ராஜதானி வாழ்வு நீடிக்கவில்லை. செலவு தாளாமல் 1830ஆம் ஆண்டில் அப்பதவியைப் பறித்து வங்காளத்தின் கீழ் ஒரு சிற்றங்கமாக வைத்தார்கள். 1832ஆம் ஆண்டில் தலைநகர் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியது. 1851ஆம் ஆண்டில் வங்காளத்தின் கையிலிருந்து எடுத்து கவர்னர் ஜெனரலின் நேர்ப்பார்வையில் வைக்கப்பட்டது. எவ்வாறு மாற்றினாலும் எஜமானர் கல்கத்தாவிலேயே இருந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஜனங்கள் எவ்வளவு பேர்? 1824ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரில் எடுத்த கணக்கு 10,683 பேர் என்கிறது. அதில் ஐரோப்பியர் 74, ஆர்மீனியர் 16, அராபியர் 15, மலாய்க்காரர் 4,580, பூகிஸ்காரர் 1,925, சீனர் 3,317, இந்தியர் 756. இந்தப் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பதினாறு ஆர்மீனியருக்குத் தனி வரி ஒதுக்கிய அந்தக் கணக்கர், எழுநூற்றைம்பத்தாறு இந்தியரில் தமிழர் யார், வங்காளி யார், ராஃபிள்ஸோடு அதே 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து வந்து செங்கற்சூளை போட்ட நாராயண பிள்ளையைப் போன்றவர் எத்தனை பேர், நாகூர் மரைக்காயர் எத்தனை பேர் என்று பிரித்து எழுதச் சிரமப்படவில்லை. 1860ஆம் ஆண்டில் மொத்தம் 81,734 ஆயிற்று, இந்தியர் 12,973. ஊர் ஏழரை மடங்கு பெருக, நம்மவர் பதினேழு மடங்கு பெருகினர். அவ்வளவு பேரும் வியாபாரத்துக்கென்று விருப்பத்தோடு வந்தவர் அல்லர். விலங்கோடு வந்தவர்களை முதலில் சொல்கிறேன்.

பெங்கூலனை டச்சுக்காரருக்கு விட்டபோது, அங்கே கும்பெனியார் வைத்திருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சிங்கப்பூருக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. 1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி வந்திறங்கிய முதற்கூட்டம் எண்பது பேர். அனைவரும் சென்னை ராஜதானியில் தண்டனை பெற்றவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தனர். அது முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் இந்த ஊரின் பொதுப்பணித் துறை என்று ஒன்று இருந்தால், அது இவர்களே. சதுப்பைத் தூர்த்ததும், சாலை போட்டதும், பாலம் கட்டியதும், கடலுக்குக் கரை எழுப்பியதும் இவர்கள் கை. காம்பீர்த் தோட்டங்களில் புலி மனிதரை அடித்துத் தின்ற காலத்தில், துப்பாக்கி கொடுத்துப் புலிவேட்டைக்கு அனுப்பப்பட்டவர்களும் இவர்களே. கொலைக்குற்றவாளியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்த சர்க்காரின் தைரியத்தை மெச்சுவதா, வேறு வழியில்லாத வறுமையை எண்ணி இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. இவர்களுக்கு அதிகாரியாயிருந்த மேஜர் மெக்நேர் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குக் கைதிகளே தமக்குக் காவலர் என்ற பொருள்படும் பெயரை வைத்தார். நன்னடத்தை கண்ட கைதியையே மற்றவருக்கு வார்டராக உயர்த்தியதால், காவலுக்குத் தனியே ஆள் வைக்கும் செலவு மிச்சமாயிற்று என்பது அப்பெயரின் உட்பொருள். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து, கொத்து, தச்சு, கொல்லு, செங்கல் அறுத்தல் முதலிய தொழில்களைப் பழக்கினார்கள். தொழில் தெரிந்து வந்தவர்களும் இல்லாமலில்லை.

இவர்களுடைய வேலைப்பாட்டைக் காண விரும்புகிறவர் பிராஸ் பாசா சிறைச்சாலையைத் தேட வேண்டாம், அது போய்விட்டது. புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் சுவரைப் பார்த்தால் போதும். பொறியாளர் மக்ஃபர்சன் வரைந்த படத்தின்படி 1856ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி 1862ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த வெள்ளைவெளேரென்ற கோயிலின் உட்பூச்சு, மெக்நேர் எழுதியிருக்கிறபடி, நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சேயாகும்: சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து மைபோல் அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கரைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியது. செட்டிநாட்டு வீடுகளில் முகம் பார்க்கும் சுவர்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராலயத்துக்குச் சைவரும் வைணவரும் முஸ்லிமுமான கைதிகள் முட்டை உடைத்து ஊற்றிய அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். இந்தச் சுண்ணாம்பு நீற்றிய காளவாய்கள் இருந்த இடம் நாம் இன்று கூடியிருக்கும் இதே சிராங்கூன் சாலை வட்டாரம். ஆகையால்தான் நம் பாட்டன்மார் இதைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள், வீரமாகாளியம்மனும் சுண்ணாம்புக் கம்பத்துக் காளியாகவே இருந்தாள். சர்க்கார் 1858ஆம் ஆண்டில் கைதிகளைக் கொண்டு நடத்தத் தொடங்கிய செங்கற்சூளையும் இச்சாலையில்தான். சூளையும் காளவாயும் பந்தயத் திடலும் எருமைத் தொழுவமுமாய் இருந்த இடத்தில்தான் பின்னாளில் பாத்திரக்கடையும் மளிகைக்கடையும் முளைத்தன. தேக்கா சந்தையை மலாய்க்காரர் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம், என்றே சொல்லி வந்தார்கள்.

இனி மனஸ்தாபத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் ஐரோப்பிய வர்த்தகர்கள் கல்கத்தாவின் மேல் வைத்த புகார்கள் அநேகம் என்றாலும், சாரமானவை மூன்று. முதலாவது, இந்த ஊரைக் குற்றவாளிகளைக் கொட்டும் குப்பைத்தொட்டியாக்கிவிட்டார்கள் என்பது. அந்தக் குப்பைதான் தங்கள் சாலையையும் தங்கள் கோயிலையும் கட்டிக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாவது, துறைமுகத்தில் வரிபோடப் பார்க்கிறார்கள் என்பது. சிங்கப்பூரின் உயிர்நாடி, எந்த நாட்டுக் கப்பலும் சுங்கமின்றி வந்து சரக்கிறக்கலாம் என்ற ஒரே விதி. காலிக்கோத் துணி, கிராம்பு, மிளகு, பட்டு, அபின், தகரம், பிரம்பு என்று எல்லாம் இங்கே வந்து, கைமாறி, வெளியேறின. இங்கே உற்பத்தியானது சொற்பம். எனவே கப்பலுக்கு வரி என்றதும் கழுத்தில் கைவைத்ததுபோல் அலறினார்கள், அதில் நியாயம் இருந்தது. மூன்றாவது நாணயம்.

வர்த்தகர் பேரேடு ஸ்பானிய, மெக்சிகோ டாலர் என்ற வெள்ளிக்காசில் எழுதப்பட்டது; சர்க்கார் பேரேடு ரூபாயில் எழுதப்பட்டது. சீன வியாபாரியும் பூகிஸ் படகோட்டியும் வெள்ளிக்காசைக் கடித்துப் பார்த்து வாங்குவார்களேயன்றி ரூபாயைத் தொடமாட்டார்கள். 1855ஆம் ஆண்டில் இந்திய நாணயத்தை இங்கும் செலாவணியாக்கக் கல்கத்தா முயன்றபோது ஊரே கூடிக் கண்டனம் செய்தது. அவ்வளவு கொந்தளிப்புக்கும் பிறகு வெள்ளியே வென்றது; வென்றதன் ஞாபகச்சின்னம்தான் பூக்கார அம்மாள் வாயில் வந்த வார்த்தை.

கல்கத்தாவின் பக்கத்தையும் சொல்லுவது தர்மம். இந்த மாகாணம் தன் செலவைத் தானே தாங்கவில்லை. பல ஆண்டுகள் இந்தியப் பொக்கிஷத்திலிருந்து ஈடுகட்ட நேர்ந்தது. சுங்கம் கூடாது, கப்பல் வரி கூடாது, வருமான வரி கூடாது, ஆனால் நீதிபதியும் சிப்பாயும் கவர்னரும் வேண்டும் என்று கேட்கும் குடித்தனக்காரரை எந்த வீட்டுக்காரர்தான் விரும்புவார்? சர்க்காருக்கு வந்த வருமானமோ பெரும்பாலும் குத்தகைப் பணம். கள், சாராயம், அபின் ஆகியவற்றை விற்கும் உரிமையை ஏலம்விட்டு வாங்கிய அந்தப் பணத்தில் அபினே தலையாயது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அரசிறையில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்தது. பீகாரிலும் காசியைச் சுற்றியும் குடியானவர் பயிரிட்ட கசகசாச் செடியின் பாலை இந்திய சர்க்கார் எடுத்துக் கல்கத்தாவில் ஏலம்விட, அது இங்கே வந்து, ரிக்‌ஷா இழுத்த சீனத் தொழிலாளியின் குழாயில் புகையாகி, நீதிபதியின் சம்பளமாக மாறிற்று. 1910ஆம் ஆண்டில் குத்தகையை ஒழித்துச் சர்க்காரே அபினைக் காய்ச்சி விற்கத் தொடங்கிய பிறகும் இந்தச் சுழற்சி நிற்கவில்லை. இதைப் பற்றி வேறொரு சமயம் விரிவாகப் பேசவேண்டும். நினைக்கும்போதே வாய் கசக்கிறது.

1857ஆம் ஆண்டில் வடஇந்தியாவில் கலகம் மூண்டது. பிடிபட்ட சிப்பாய்களையும் இங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் மற்றக் குறைகளோடு சேர்ந்துகொள்ள, வர்த்தகர்கள் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். பத்தாண்டு கழித்து, 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, ஜலசந்திக் குடியேற்றங்கள் இந்தியாவினின்று பிரிந்து லண்டனின் நேர்க் காலனியாயின. கல்கத்தா நியமித்த கடைசி கவர்னர் கவனா. அவர் பெயரால் 1869ஆம் ஆண்டில் ஆற்றின்மேல் நின்ற இரும்புப் பாலம் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டு இங்கே கைதிகளின் உழைப்பால் பூட்டப்பட்டது. மூன்று அந்தர் எடைக்கு மேற்பட்ட வண்டியும் மாடும் குதிரையும் அதன்மேல் போகலாகாது என்ற பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. மாட்டுவண்டிக்காரரில் பலர் நம்மவராயிருந்ததால், அந்தப் பலகை யாரைக் குறித்து எழுதப்பட்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை. 1873ஆம் ஆண்டில் கைதிகளின் சிறை கலைக்கப்பட்டு, எஞ்சியோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலைச்சீட்டுப் பெற்ற பலர் ஊர் திரும்பாமல், மாடு வைத்துப் பால் கறந்தும் வண்டி ஓட்டியும் கூட்டத்தோடு கூட்டமாய்க் கரைந்தார்கள். எந்தக் குடும்பம் அவர்கள் வழி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதே நம் ஊர் நாகரிகம்.

கைதியும் போனான், ரூபாயும் போயிற்று, கல்கத்தாவும் போயிற்று. வர்த்தகரும் தோட்டத்துரைமாரும் கொண்டாடிய அந்தச் சந்தோஷத்தின் மேல் சட்டம் என்ற ஒன்று விழுந்தது. ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவினின்று எந்த எந்த அயல்தேசங்களுக்குப் போகலாம் என்று பெயர் குறித்து அனுமதிக்கும் சட்டம் இந்தியாவில் இருந்தது. ஜலசந்திப் பிரதேசம் இந்தியாவின் ஓர் அங்கமாயிருந்தவரை அதற்கு அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவது, தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போவதுபோல் உள்ளூர்ப் பிரயாணம். பிரிந்த மறுநாளே அது அயல்தேசமாயிற்று. அனுமதிப் பட்டியலிலோ அதன் பெயர் இல்லை. ஆகவே பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளை ஏற்றிவந்த ஒவ்வொரு கப்பலும் சட்டவிரோதமாயிற்று. மூன்றாண்டு வரையில் இதை யாரும் கவனிக்கவில்லை. 1870ஆம் ஆண்டில் கவனித்து நிறுத்தினார்கள். இந்தியாவோடு ஒட்டும் உறவும் வேண்டாமென்று விண்ணப்பம் எழுதிய அதே தேசத்திலிருந்து, இந்தியக் கூலி இல்லாமல் ஆலை ஓடாது என்று முறையீடுகள் போயின. 1872ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தனிச்சட்டம் இயற்றி விலக்கு அளித்தது. என் அபிப்பிராயத்தில், இந்த மாகாணத்தின் சரித்திரம் முழுவதும் இந்த ஐந்தாண்டுச் சம்பவத்தில் அடங்கியிருக்கிறது.

கடன் விஷயத்திலும், இந்தியாவை விலக்கிவிட்டு இந்தியரை நம்பியிருந்த இதே கதைதான். மார்க்கெட் தெருவை நம்மவர் செட்டித்தெரு என்றே வழங்கினர். அங்கிருந்த கிட்டங்கிகளில் நகரத்தார் தத்தம் பெட்டியடியில் பாய்விரித்து அமர்ந்து, ஆங்கில வங்கிகளில் தம் கையெழுத்தின் பேரில் வாங்கிய பணத்தையும் சொந்தப் பணத்தையும், வங்கிக்காரன் வாசற்படி ஏறவிடாத சீனச் சில்லறை வியாபாரிக்கும் சுரங்கக்காரனுக்கும் சிறுதோட்டக்காரனுக்கும் கொடுத்தார்கள். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் துணைநிற்க, மேலாள் மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, ஐந்தொகை தீர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்புவார். மனைவியும் மக்களும் செட்டிநாட்டிலேயே இருந்தனர். 1859ஆம் ஆண்டில் தேங்க் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தது இவர்கள் மகமை. இவர்களைக் கந்துவட்டிக்காரர் என்று ஏசுவதும் தர்மப்பிரபுக்கள் என்று போற்றுவதும் வழக்கமாயிருக்கிறது. பணம் எங்கே சென்றடையாதோ அங்கே அதைக் கொண்டுசேர்த்த கால்வாய் அவர்கள், கால்வாய்க்குக் கூலியும் எடுத்துக்கொண்டார்கள் என்பதே என் தீர்ப்பு.

சூயெஸ் கால்வாய் 1869ஆம் ஆண்டில் திறந்தது முதல் நீராவிக் கப்பல் பெருகியதையும், 1890ஆம் ஆண்டில் பூலாவ் பிராணியில் தகரம் உருக்கும் ஆலை எழுந்ததையும், 1877ஆம் ஆண்டில் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரப்பர்ச் செடிகளை அதன் இயக்குநர் ரிட்லி பேணிப் பரப்பியதையும் நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ரப்பர் வந்தபின் தமிழர் தேவை பன்மடங்காயிற்று. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டது, 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது, கங்காணி மேலோங்கினான். ஆயினும் வந்தவரைக் குடிகளாகக் கருதியவர் எவருமில்லை. 1931ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஜனத்தொகை 557,745. அதில் இந்தியரிடையே பெண் ஒருத்திக்கு ஆண்கள் ஐவருக்கும் மேல். வர்த்தகச் சரக்கு வருகிறது, தங்குகிறது, போகிறது என்று எழுதிப் பழகிய நிர்வாகம் ஆளையும் அவ்வாறே எழுதிற்று. ரப்பர் விலை சரிந்த அந்தச் சில ஆண்டுகளில், வேலையற்ற தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பினார்கள். 'ரஜூலா' கப்பலின் மேல்தட்டுப் பிரயாணம் எத்தனையோ குடும்பங்களில் கதையாய் நிற்கிறது. 1938ஆம் ஆண்டில் இந்திய சர்க்காரே கூலிகள் இங்கே வருவதைத் தடைசெய்தது. 1867ஆம் ஆண்டில் இந்தக் கரை கதவைச் சாத்தியது. எழுபத்தொரு ஆண்டு கழித்து அந்தக் கரை சாத்தியது. இடையில் நின்றவர்கள் மனைவியை வரவழைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, இந்த ஊரைத் தம் ஊராக்கிக்கொண்டார்கள்.

ஜப்பானியர் ஆட்சி வந்து போயிற்று. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, அதாவது இந்தியாவினின்று பிரிந்த அதே தேதியில், ஜலசந்திக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டன; பினாங்கும் மலாக்காவும் மலாயாவோடு சேர, சிங்கப்பூர் தனியே நின்றது. அடுத்த ஆண்டுக் கணக்கில் அதன் ஜனங்கள் 938,144.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லும் சர்க்கார் காகிதங்கள் லண்டனிலும் இந்தியாவிலும் பத்திரமாயிருக்கின்றன. கிட்டங்கியின் பேரேடுகளும், கங்காணி எழுதிவைத்த துண்டு நோட்டுகளும், ரஜூலாவின் பிரயாணச் சீட்டுகளும், ஊரிலிருந்து வந்த கடிதங்களும் அப்படியில்லை. அவை நம் வீட்டுப் பரண்களிலும் தகரப்பெட்டிகளிலும் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போதும் பழைய காகிதக்காரருக்குப் போய்ச் சேருகின்றன. எழுத்து புரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். தேசிய நூலகத்திலோ கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திலோ ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் உடனிருந்து படித்துச் சொல்லக் காத்திருக்கிறேன்.